நாச்செஸ் (மிசிசிப்பி): பழைய மாளிகைகளை எந்த வரிசையில் பார்ப்பது?

கொல்லிமலைத்தேன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். மார்ச் கடைசியில் அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். நயாகரா, நியூயார்க் எல்லாம் சென்ற முறையே பார்த்தாகிவிட்டது. இந்த முறை அப்பாவின் விருப்பம் வேறு. "இந்த நாட்டுப் பழைய வீடுகளைக் காட்டு" என்கிறார். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் தூணைத் தட்டிப் பார்ப்பார், கதவின் மரம் என்னவென்று கேட்பார்.

அலுவலகத்தில் ஒருவர் நாச்செஸ் என்ற சிற்றூரைச் சொன்னார். மிசிசிப்பி ஆற்றங்கரை, ஊர் முழுக்க, வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போருக்கு முந்தைய மாளிகைகள், காரில் ஐந்தாறு மணி நேரம். இரண்டு இரவு தங்கலாம் என்று நினைக்கிறோம். எந்த வீடுகளைத் தவறவிடக் கூடாது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் உடன் வருகிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பருத்தி

நல்ல தேர்வு. கட்டடங்களை நேசிப்பவருக்கு அந்த ஊர் ஒரு விருந்து.

முதலில் லாங்வுட். எண்கோண வடிவ வீடு, உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம். அமெரிக்காவில் இன்றும் நிற்கும் எண்கோண வீடுகளில் இதுதான் மிகப் பெரியது. ஹாலர் நட் என்ற பருத்திச் செல்வந்தருக்காக பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்லோன் வரைந்து கொடுத்தார். 1860-ல் வேலை தொடங்கியது. மறு ஆண்டு போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்களும் கொத்தர்களும் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். திட்டமிட்டது 32 அறைகள், முடிந்தவை அடித்தளத்தில் உள்ள 9 மட்டும். 1864-ல் நட் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியாவும் பிள்ளைகளும் அந்த அடித்தளத்திலேயே குடியிருந்தார்கள். மேல்மாடிகள் இன்றும் அன்று விட்டபடியே இருக்கின்றன: பூச்சில்லாத செங்கல், வெறும் உத்தரங்கள், முடியாத சுவர்கள். உங்கள் அப்பாவுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. முடிந்த மாளிகையில் மறைந்துவிடும் எல்லா இணைப்புகளையும் இங்கே கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து ஆபர்ன். 1812-ல் லீவை வீக்ஸ் என்பவர் கட்டியது. எந்தத் தாங்கலும் இல்லாமல் சுழன்று மேலேறும் மாடிப்படி அதன் பெருமை. வீக்ஸின் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். நியூயார்க்கில் ஒரு பெண்ணைக் கொன்று கிணற்றில் போட்டதாக அவர் மீது வழக்கு. 1800-ல் விசாரணை நடந்தது. அவருக்காக வாதாடியவர்களில் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் இருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இதே பர்ர்தான் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார். விடுதலையான வீக்ஸ் பின்னர் நாச்செஸுக்கு வந்து வீடு கட்டினார்.

ஸ்டான்டன் ஹால் ஊரின் நடுவில் ஒரு தெருச்சதுரம் முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த பருத்தித் தரகர் பிரெடரிக் ஸ்டான்டன் 1857-ல் கட்டி முடித்தார். 1859-ல் இறந்துவிட்டார். ரோசலி 1823-ல் கட்டப்பட்டது. ஆற்றைப் பார்த்தபடி மேட்டின் மேல் இருக்கிறது. டன்லீத் நாற்புறமும் தூண்கள் சூழ்ந்த வீடு, இன்று விடுதி. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வசந்தகால 'பில்கிரிமேஜ்' நடக்கும். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் தனியார் வீடுகள் சில அப்போது திறக்கப்படும். அசேலியா பூக்கும் காலமும் அதுதான். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஆற்றங்கரை

பேட்டன் ரூஜில் வசிக்கிறேன். நாச்செஸ் எனக்குப் பக்கம் என்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கம். செம்பருத்தி சொன்ன வீடுகள் எல்லாமே பார்க்க வேண்டியவை. ஆனால் அவர் சொன்ன வரிசையில் பார்க்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். அந்த ஊரில் வரிசைதான் எல்லாம்.

முதல் நாள் காலை எந்த வீட்டுக்கும் போகாமல் ஆற்று மேட்டுக்குப் போங்கள். இருநூறு அடி உயரம் இருக்கும். நீண்ட நடைபாதையில் நின்று அக்கரையைப் பாருங்கள். அது லூயிசியானா, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சமதளம். நாச்செஸ் செல்வந்தர்களில் பலருடைய பருத்தி விளைந்தது அந்த வண்டல் நிலத்தில். வயல் அக்கரையில், வீடு இக்கரையில். மேட்டின் மேல் காற்று வரும், வெள்ளம் வராது, காய்ச்சல் குறைவு. அதனால் ஊரில் நாம் பார்க்கும் மாளிகைகளைச் சுற்றி வயலும் இல்லை, களமும் இல்லை. பூந்தோட்டமும் பெரிய ஓக் மரங்களும்தான். நாலு மாளிகை பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது. அந்த நில அமைப்பே கேள்வியை மறைத்துவிடுகிறது.

அடுத்து, அங்கிருந்து காரில் சில நிமிடத் தூரத்தில் இருக்கும் ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட். செயின்ட் கேத்தரின் தெருவும் லிபர்ட்டி சாலையும் கூடும் முக்கு. கட்டடம் எதுவும் இல்லை. புல்வெளி, தகவல் பலகைகள், சிமெண்ட் தரையில் பதித்த சங்கிலிகள். இதுதான் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாகத் தென்கோடி மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தையாக இருந்த இடம். 1833-ல் காலராப் பயத்தால் ஊர் எல்லைக்குள் வெளியூர் வியாபாரிகள் மனிதர்களை விற்கக் கூடாது என்று நகராட்சி தடுத்தது. எல்லைக்கு வெளியே ஓர் அடி தள்ளி இந்த முக்கில் சந்தை வளர்ந்தது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் கடை வைத்திருந்த பிராங்க்ளின் அண்டு ஆர்ம்ஃபீல்டு என்ற நிறுவனம் இங்கே ஆட்களை அனுப்பி விற்றது. சிலர் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் வந்து நீராவிப் படகில் மேலேறினார்கள். மற்றவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்தார்கள். இங்கே பெரும்பாலும் ஏலம் கிடையாது. வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்றவர்களைப் பார்த்து, பல்லையும் முதுகையும் சோதித்து, விலை பேசினார்கள். 1863-ல் ஊர் வடக்குப் படையின் கைக்கு வந்தபின், அந்தப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களே அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடிகளை இடித்து, அந்தப் பலகைகளால் தங்களுக்குப் பாசறைக் குடில்கள் கட்டிக்கொண்டார்கள். 2021-ல் தேசியப் பூங்காத் துறை இந்த நிலத்தின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றது.

அரை மணி நேரம் போதும், கட்டணம் இல்லை. இதைப் பார்த்துவிட்டு மாளிகைக்குப் போகிறவரும் பார்க்காமல் போகிறவரும் ஒரே வீட்டைப் பார்ப்பதில்லை. அதற்குத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பிற்பகல் மெல்ரோஸ். இது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருப்பதால் விளக்கம் நேர்மையாக இருக்கும். ஜான் மெக்மரன் என்ற வழக்கறிஞர் 1840-களில் கட்டியது. வீட்டுப் பொருட்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. சாப்பாட்டு மேசைக்கு மேல் பெரிய மரப் பங்கா, அதாவது கயிற்றால் இழுத்து ஆட்டும் விசிறி, தொங்கும். நம் ஊரில் வெள்ளைக்காரத் துரைமார்களின் அலுவலகங்களில் தொங்கிய அதே பங்கா. இந்தியாவிலிருந்து உலகம் சுற்றிய பொருள்களில் அதுவும் ஒன்று. கயிற்றை இழுத்தவர் அடிமை. பின்கட்டில் வரிசையாக மணிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓசை. எந்த அறையிலிருந்து அழைக்கிறார்கள் என்று ஓசையைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். சமையற்கட்டும் பால் அறையும் அடிமைகளின் குடியிருப்பும் வீட்டுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. வளாகம் சமதளம் என்பதால் அம்மாவுக்கும் எளிது.

லாங்வுட்டை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி

ஆற்றங்கரை அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபதை நெருங்கும் பெரியவர்கள் கடல் கடந்து வந்து பார்க்கும் முதல் இடம் அடிமைச் சந்தையாக இருக்க வேண்டுமா? ஒரு மாடிப்படியின் வளைவு அழகாக இருக்கிறது என்றால் அது அழகுதான். அதைச் செதுக்கியவனின் கைத்திறனை மனமார வியப்பதும் மரியாதைதானே? ஒவ்வொரு தூணின் முன்னாலும் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தால் தூணைப் பார்க்கவே முடியாது. அந்த வீடுகளில் நான் கண்டது உயர்ந்த கலை. அதை அப்படியே சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆற்றங்கரை

கைத்திறனை வியக்க வேண்டும் என்கிறீர்கள். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் யாருடைய கை என்று கேட்போம். லாங்வுட்டையே எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியாத் தொழிலாளர்கள் போன கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அவர்கள் போனபின் குடும்பம் குடியேறிய அந்த 9 அறைகளை முடித்தது யார்? உள்ளூர்த் தொழிலாளர்களும் நட்டின் அடிமைகளும். ஸ்லோனின் பெயர் எல்லாப் பலகைகளிலும் இருக்கிறது, ஹாலர் நட்டின் பெயர் இருக்கிறது. கட்டியவர்களில் பெரும்பாலோரின் பெயர் இல்லை. கலையை நேசிக்கும் நீங்கள்தான் என்னைவிட இதில் வருத்தப்பட வேண்டியவர்.

இன்னொன்று. இந்த வீடுகள் இன்று நிற்பதற்குக் காரணம் 1862-ல் ஊர் சண்டையில்லாமல் பணிந்தது. நாச்செஸ் செல்வந்தர்கள் பலர் தென்மாநிலங்கள் பிரிந்து போவதை விரும்பவில்லை. நட்டே ஒன்றியத்தை, அதாவது பிரியாத அமெரிக்காவை, ஆதரித்தவர்தான். ஆனால் ஒன்றியத்தை ஆதரித்தார் என்பதும் பல நூறு பேரை அடிமையாக வைத்திருந்தார் என்பதும் ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

டன்லீத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த வீட்டின் சாப்பாட்டறையில் அடிமைச் சிறுவனாக ஏவல் செய்தவர் ஜான் ராய் லிஞ்ச். 1863-ல் வடக்குப் படை ஊருக்கு வந்தபின் விடுதலையாகி, புகைப்படக் கடையில் வேலை பார்த்துப் படித்து, 1872-ல் மிசிசிப்பிச் சட்டமன்றத்தின் அவைத்தலைவரானார். 1873-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. தூண்களைப் பார்க்கும்போது இவரையும் நினைத்தால் தூண்களின் அழகு குறைந்துவிடாது.

நெசவாளிமகன்

கொல்லிமலைத்தேன், உங்கள் அப்பா நூற்பாலைக்காரர் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள், நாச்செஸ் அவருக்கு அந்நிய ஊராக இருக்காது.

1793-ல் எலி விட்னி பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். குட்டை இழைப் பருத்தி லாபமானது. நாச்செஸ் வட்டாரத்தில் மெக்சிகோ விதையிலிருந்து பெட்டி கல்ஃப் என்ற வகை உருவாகி நாடெங்கும் பரவியது. அந்தப் பஞ்சு ஆற்று வழியாக நியூ ஆர்லியன்ஸ், அங்கிருந்து லிவர்பூல், பிறகு மான்செஸ்டர் ஆலைகள். பருத்திக்கு அமெரிக்காவையே நம்பியிருப்பது ஆங்கிலேயருக்குக் கவலை தந்தது. இந்தியாவிலும் அதே பருத்தியை விளைவிக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. 1840-ல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டம் அறிந்த பத்துப் பேரைச் சம்பளம் பேசி இந்தியாவுக்குக் கூட்டிவந்தார்கள். அவர்களில் சிலர் வேலை பார்த்தது திருநெல்வேலிச் சீமையிலும் கோயம்புத்தூரிலும். 1842 முதல் கோவைப் பருத்திப் பண்ணைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் படம் வரைவித்து நூல்களாக வெளியிட்ட அதே தாவரவியலாளர். பத்தாண்டுக்கும் மேல் முயன்றும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, கம்பெனி கைவிட்டது. கரிசலில் மானாவாரியாக விளைந்த நம் கருங்கண்ணியும் உப்பமும் தாங்கிய வறட்சியை அமெரிக்கச் செடி தாங்கவில்லை.

பிறகு 1861-ல் அங்கே போர் வந்தது. மிசிசிப்பிப் பருத்தி மான்செஸ்டர் வட்டாரமான லங்காஷயருக்குப் போகவில்லை. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது, பம்பாயில் பணம் கொட்டியது, தூத்துக்குடி வழியாகவும் மூட்டைகள் போயின. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. லாங்வுட் பாதியில் நின்ற அதே ஆண்டுகளில்தான் நம் கரிசல் காட்டு விவசாயி நாலு காசு அதிகம் பார்த்தார் என்பதை நினைத்தால் மனம் நிலைகொள்வதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் பரவிய கம்போடியா பருத்தியும் அமெரிக்க இனத்தைச் சேர்ந்ததுதான். உங்கள் அப்பா ஆலையில் கம்போடியாவை நன்றாக அறிந்திருப்பார். அதன் உறவுப் பருத்தி விளைந்த நாட்டைப் பார்க்கப் போகிறார்.

கொல்லிமலைத்தேன்

இதை அப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கருங்கண்ணி, கம்போடியா என்றதும் அரை மணி நேரம் இழை நீளம் பற்றியே பேசினார். ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். "பஞ்சு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நூல் நூற்க முடியுமா?" என்றார்.

மகளைப் பற்றித்தான் யோசனை. வீடு வீடாகப் போனால் அலுத்துவிடுவாள்.

மழைக்குருவி

வளர்ந்த பிள்ளைகளுக்கு நாற்காலியும் வெள்ளிப் பாத்திரமும் அலுக்கும், மனிதர் கதை அலுக்காது. அதனால் உங்கள் மகளுக்கு வில்லியம் ஜான்சன் வீட்டைப் பரிந்துரைக்கிறேன். ஸ்டேட் தெருவில் இருக்கிறது, இதுவும் தேசியப் பூங்காத் துறையுடையது. ஜான்சன் 1809-ல் அடிமையாகப் பிறந்தவர், 1820-ல் விடுவிக்கப்பட்டார். முடிதிருத்தும் தொழில் கற்று ஊரில் பல கடைகள் நடத்தினார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். குதிரைப் பந்தயம், கடன், சண்டை, மீன்பிடி, ஊர்வம்பு எல்லாம் அதில் இருக்கிறது. அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் அதே நாட்குறிப்பு சொல்கிறது. பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். என் மகன் அதிகம் கேள்வி கேட்டது அதைப் பற்றித்தான்.

1851-ல் நில எல்லைத் தகராறில் ஜான்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர்கள். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல மிசிசிப்பிச் சட்டம் இடம் தரவில்லை. சுட்டவர் தன்னை வெள்ளையர் என்று வாதிட்டுத் தப்பித்தார். நாட்குறிப்பைக் குடும்பம் தலைமுறைகளாகக் காப்பாற்றியது, 1951-ல் அச்சில் வந்தது. வீடு திறக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள், சில காலங்களில் பூட்டியிருக்கும்.

இன்னொரு கதை அப்துல் ரகுமான் இப்ராகிமுடையது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜாலோன் அரசர் மகன். போரில் பிடிபட்டு 1788-ல் நாச்செஸில் விற்கப்பட்டார். நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்தார். 1828-ல் விடுதலை கிடைத்து மனைவியோடு கப்பலேறினார். 1829-ல் லைபீரியாவில் இறந்தார், சொந்த ஊரைப் பார்க்கவே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

வெளியிலும் நடக்க விடுங்கள். நாச்செஸ் பூர்வகுடிகளின் கிராண்ட் வில்லேஜ் ஊருக்குள்ளேயே இருக்கிறது, இலவசம். அவர்கள் எழுப்பிய மண்மேடுகள் புல் போர்த்து நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் 1716-ல் ரோசலி கோட்டையைக் கட்டினார்கள். மேலும் மேலும் நிலம் கேட்டதால் 1729-ல் அந்த மக்கள் எழுந்து கோட்டையைத் தாக்கினார்கள். பிரெஞ்சுப் படை திருப்பித் தாக்கியது. பிடிபட்டவர்களைக் கரீபியத் தீவொன்றில் இருந்த பிரெஞ்சுக் காலனியான சென் டொமாங்குக்கு அடிமைகளாக அனுப்பியது. தப்பியவர்கள் வேறு பூர்வகுடிகளிடம் அடைக்கலம் போனார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களின் கதை ஒரு வீட்டுச் சுற்றிலும் வராது, நாமேதான் தேடிப் போக வேண்டும்.

பழைய தபால்காரர்

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, தம்பி. தென்மாநிலச் சமையலில் கீரை என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். காலர்ட் கீரை, அவரை, பயறு எல்லாவற்றையும் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டோடு வேகவைப்பது வழக்கம். பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்புச் சேரலாம். சோளக் களியான கிரிட்ஸ் பெரும்பாலும் பாதுகாப்பு, ஆனாலும் எதோடு வேகவைத்தது என்று கேளுங்கள். அடுப்போடு கூடிய அறை எடுத்துக்கொண்டு, சிறிய குக்கரும் அரிசியும் ஊறுகாயும் கொண்டுபோவது உத்தமம். தயிர் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

முழங்கால் விஷயம்: பெரும்பாலான பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது. வாசலிலேயே உயரமான படிகள் இருக்கும். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அம்மா கீழ்த்தளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் உட்காரலாம்.

செம்பருத்தி

லிஞ்சைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அண்ணா. தேடிப் படித்தேன். அந்தச் சாப்பாட்டறையை அடுத்த முறை வேறு கண்ணோடு பார்ப்பேன். ஆனாலும் ஒன்றை வலியுறுத்துவேன். இந்த வீடுகளைக் காப்பாற்றிய பெண்களுக்கு உரிய மரியாதை வேண்டும். 1930-களின் பொருளாதாரச் சரிவில் பருத்திப் பணம் போய்விட்டது, கூரை ஒழுகியது, பல வீடுகள் விற்பனைக்குக் காத்திருந்தன. 1931-ல் தோட்டக் கழக மாநாட்டுக்கு விருந்தினர் வந்த நேரத்தில் உறைபனி செடிகளைக் கருக்கிவிட்டது. தோட்டத்துக்குப் பதிலாக வீடுகளைத் திறந்து காட்டினார்கள். 1932-ல் முதல் பில்கிரிமேஜ் நடந்தது. அந்த டிக்கெட் பணத்தில்தான் கூரைகள் சரி செய்யப்பட்டன. அவர்கள் இல்லையென்றால் இன்று விவாதிக்க நமக்கு வீடே இருந்திருக்காது.

ஆற்றங்கரை

உண்மை. அந்த மரியாதையில் எனக்கும் குறைவில்லை. ஸ்டான்டன் ஹாலும் லாங்வுட்டும் இன்றும் ஒரு தோட்டக் கழகத்தின் உடைமைதான், நன்றாகப் பராமரிக்கிறார்கள்.

அதே பில்கிரிமேஜ் இன்னொன்றையும் செய்தது. பாவாடை விரித்த உடையில் பெண்கள், தென்படைக் கொடி, இனிய பழங்காலம் என்று ஒரு கதையைக் கட்டிப் பல பத்தாண்டுகள் நாட்டுக்கே விற்றது. கறுப்பின மக்கள் அதில் பஞ்சு பறிப்பவர்களாக, பாடுபவர்களாக மேடையேறினார்கள். அண்மை ஆண்டுகளில் மாற்றம் வந்திருக்கிறது, மெல்ரோஸில் அதைக் காணலாம். எல்லா வீடுகளிலும் இல்லை. நான் போன ஒரு வீட்டில் முக்கால் மணி நேரச் சுற்றில் பீங்கான் எந்த நாட்டுடையது என்று சொன்னார்கள், திரைச்சீலையின் விலை சொன்னார்கள். அந்த வீட்டில் சமைத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் ஒரு வழி சொல்கிறேன், கொல்லிமலைத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் வழிகாட்டியிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். சமையல் எங்கே நடந்தது? சமைத்தவர்கள் எங்கே தூங்கினார்கள்? அவர்களில் யாருடைய பெயராவது தெரியுமா? பெரும்பாலும் வழிகாட்டிகளுக்கே தெரிந்திருக்கும், யாரும் கேட்காததால் சொல்வதில்லை. கேட்டதும் பின்கட்டுக் கதவைத் திறந்து காட்டியவர்களும் உண்டு. உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் எடுத்துக்கொள்ளலாம், பள்ளிப் பிள்ளை கேட்டால் ஆர்வமாகப் பதில் சொல்வார்கள்.

மாளிகை போய்க் குடியிருப்பு மட்டும் நிற்கும் இடமும் ஒன்று உண்டு. கன்கார்ட் என்ற பெரிய மாளிகை 1901-ல் எரிந்துபோனது. அதன் பின்னாலிருந்த அடிமைகளின் குடியிருப்பு தப்பியது. இன்று கறுப்பினக் குடும்பம் ஒன்று அதை வாங்கிச் சீரமைத்துத் தங்கும் விடுதியாக நடத்துகிறது. இரண்டு இரவில் ஓர் இரவு அங்கே தங்க முடிந்தால் தங்குங்கள்.

மழைக்குருவி

ரிதம் கிளப் என்ற நடன அரங்கின் நினைவிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940 ஏப்ரல் 23 இரவு. சிகாகோவிலிருந்து வால்டர் பார்ன்ஸ் இசைக்குழு வந்திருந்தது. கூரையிலிருந்து காய்ந்த ஸ்பானிஷ் பாசியை அலங்காரமாகத் தொங்கவிட்டு, பூச்சி வராமல் இருக்கப் பூச்சிமருந்து தெளித்திருந்தார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாதபடி ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். வாசல் ஒன்றே. தீப்பிடித்ததும் 209 பேர் இறந்தார்கள், எல்லாரும் கறுப்பினத்தவர்கள், பலர் இளைஞர்கள். பார்ன்ஸும் அவர் குழுவினரில் பெரும்பாலோரும் இறந்தவர்களில் உண்டு. ஊர் முழுக்க 1850-களைப் பற்றியே பேசுகிறது. இந்த ஊரில் மக்கள் அதற்குப் பிறகும் வாழ்ந்தார்கள் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

நெசவாளிமகன்

அதே போல 1870-ல் அமெரிக்க செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஹைரம் ரெவல்ஸ் நாச்செஸில் போதகராக இருந்தவர். சயான் சேப்பல் தேவாலயம் இன்னும் நிற்கிறது, வெளியிலிருந்தாவது பாருங்கள்.

கொல்லிமலைத்தேன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திட்டம் இப்படி முடிவாகியிருக்கிறது. முதல் நாள் ஆற்று மேடு, ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட், மெல்ரோஸ். இரண்டாம் நாள் காலை லாங்வுட்; அப்பாவை அங்கே நேரம் பார்க்காமல் விட்டுவிடப் போகிறேன். அம்மாவும் நானும் தோட்டத்தில் இருப்போம். பிற்பகல் ஜான்சன் வீடு, கிராண்ட் வில்லேஜ். நேரம் இருந்தால் ரிதம் கிளப். ஸ்டான்டன் ஹாலை வெளியிலிருந்து பார்த்துக்கொள்கிறோம். மூன்று கேள்விகளையும் மகள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள், நான்காவதாகத் தானே ஒன்று சேர்த்திருக்கிறாள்: "இந்த வீட்டைக் கட்டிய பணம் இப்போது எங்கே இருக்கிறது?"

கடைசியாக ஒரு சந்தேகம். திரும்பும் நாளில் எமரால்டு மேட்டைப் பார்க்கலாமா? வழியில் பெட்ரோல், உணவு கிடைக்குமா?

ஆற்றங்கரை

மகள் கேட்டதை யாராவது ஒரு வழிகாட்டி சொல்லிவிட்டால் எனக்கும் எழுதுங்கள்.

எமரால்டு மேடு கட்டாயம் பாருங்கள். நாச்செஸ் ட்ரேஸ் சாலையில் பத்தாவது மைல் கல்லுக்கு அருகில் பிரிந்து போக வேண்டும். எட்டு ஏக்கர் பரப்பில் நாச்செஸ் பூர்வகுடிகளின் முன்னோர் எழுப்பிய மேடு. அமெரிக்காவில் மிசிசிப்பியப் பண்பாடு என்று சொல்லப்படும் பூர்வகுடிப் பண்பாட்டு மேடுகளில் இரண்டாவது பெரியது. படி ஏற வேண்டியிருக்கும், அம்மா கீழே நிழலில் இருக்கட்டும். அந்தச் சாலையில் கடையோ பெட்ரோல் நிலையமோ கிடையாது. வேக வரம்பு 50 மைல், காவலர் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஊரிலேயே டாங்கை நிரப்பி, தண்ணீரும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஹூஸ்டனுக்கு அது எதிர்த்திசை, அதனால் காலை வெயில் ஏறும் முன்பே பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.